'இங்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் தமிழர்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது 'இங்' என்ற ஓசையைத்தான். "ஐ ஆம் நாட் நோயிங்", "ஹி ஈஸ் ஹேவிங் டூ ஹவுஸஸ்", "வாட் யூ ஆர் வான்டிங்?" என்று சொல்லிக் காட்டினால் போதும், மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பவர்களில் பாதிப் பேர் அப்படியே பேசுகிறவர்கள் என்பது வேறு விஷயம். மராத்திக்காரர், குஜராத்திக்காரர், உத்தரப் பிரதேசத்துக்காரர் எல்லோரும் இதே 'இங்'கைத் தாராளமாகப் போடுகிறார்கள். ஆனாலும் கேலி என்று வரும்போது 'மதராசி' முன்னால் நிறுத்தப்படுகிறான்.

மும்பையில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் நிஸ்ஸிம் எஸக்கியேல், 1983-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர், இந்த 'இங்' ஆங்கிலத்தையே வைத்துச் சில கவிதைகள் எழுதினார். படித்தவர்கள் இன்றும் அவற்றை ரசித்துப் படிக்கிறார்கள். ரசிப்பதில் தவறில்லை. ஆனால் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பையனுக்கு இது ரசிக்கும் விஷயமாக இருக்க முடியாது. அவன் வாயிலிருந்து "ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்று வந்தவுடனே எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். பையனுக்குக் கணக்குத் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், மூன்று வருஷ அனுபவமும் உண்மை. வெளியில் தெரிந்தது 'இங்' மட்டும்.

ஊரை விட்டு வந்த தமிழனுக்கு ஆங்கிலம் வெறும் பாடம் அல்ல, முதலீடு. டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர், கூடவே ஷார்ட்ஹேண்ட் என்று பாஸ் செய்த சர்டிபிகேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தலைமுறை ஒன்று உண்டு. நிலமும் கடையும் இல்லாதவர்களுக்கு அந்த ஆங்கிலம்தான் சோறு போட்டது. 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது சொல்லப்பட்ட புகாரே, ஆபீஸ் வேலைகளையெல்லாம் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான். இன்று டைப்ரைட்டர் போய்விட்டது. 2000-க்குப் பிறகு வளர்ந்த கால்சென்டர்களில், "ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங் யுவர் ப்ராப்ளம்" என்று சொல்லும் பிள்ளைகளைத் திருத்துவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். பலர் சொல்லும் காரணம், "தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுவதால் வருகிறது" என்பது. இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி நேர் எதிரானது. "ஐ ஆம் நோயிங்" என்று சொல்பவர் தமிழையும் மறந்துவிட்டுத்தான் அப்படிச் சொல்கிறார்.

பையன் என்ன செய்கிறான்?

உண்மையான பாதியை முதலில் பார்க்கலாம். கல்யாணப் பேச்சில் "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "பாங்கியில் வேலை செய்கிறான்" என்று பதில் வரும். அடுத்த அறையில் சத்தமே காணோமே என்று அம்மா "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "தூங்குகிறான்" என்று பதில் வரும். கேள்வியில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இடம் பார்த்துப் பொருள் எடுத்துக்கொள்வது தமிழின் வழக்கம். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு கேள்விகள். "வாட் டஸ் யுவர் சன் டூ?" என்றால் தொழில் என்ன என்று பொருள். "வாட் ஈஸ் யுவர் சன் டூயிங்?" என்றால் இந்த நேரத்தில் என்ன செய்கிறான் என்று பொருள். முதல் கேள்விக்கு இரண்டாவது கேள்வியின் பதிலைச் சொன்னால், பையனுடைய தொழிலே தூக்கம் என்றாகிவிடும்.

இங்கேதான் முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தருவதாகச் சொல்லும் புத்தகங்கள் குழியைத் தோண்டி வைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு கட்டம் தவறாமல் இருக்கும். 'போகிறேன்' என்றால் "ஐ கோ", 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்றால் "ஐ ஆம் கோயிங்", 'போவேன்' என்றால் "ஐ ஷல் கோ". பார்ப்பதற்கு அழகான கட்டம். மூன்று வரியும் ஆளைக் கவிழ்க்கக்கூடியவை.

ரயிலில் தொங்கிக்கொண்டே போகும்போது வீட்டிலிருந்து போன் வருகிறது. "ஆபீசுக்குப் போகிறேன்" என்கிறார். கட்டத்தின்படி அது "ஐ கோ டு ஆபீஸ்". ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் இந்த நேரத்துச் செய்தியாக அது விளங்காது. "ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ்" என்பதே சரி. அவரே சாயந்திரம் நண்பரிடம், "தினமும் எட்டு மணி வண்டியில்தான் போவேன்" என்கிறார். கட்டத்தின்படி "ஐ ஷல் கோ". ஆனால் அவர் சொல்வது எதிர்காலம் அல்ல, வழக்கம். தமிழில் வழக்கத்தைச் சொல்ல 'போவேன்', 'எழுந்திருப்பேன்', 'காப்பி குடிப்பேன்' என்று எதிர்கால வினை வரும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குத்தான் "ஐ கோ" என்ற சாதா வடிவம் உரியது. "நாளைக்கு ஊருக்குப் போகிறேன்" என்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால், அதற்கு "ஐ ஆம் கோயிங் ஹோம் டுமாரோ" என்று 'இங்' போட வேண்டும். ஆக, 'போகிறேன்' வரும் இடத்தில் பெரும்பாலும் 'இங்' வருகிறது. 'போவேன்' வரும் இடத்தில் பல சமயம் "ஐ கோ" வருகிறது. கட்டம் போட்ட புத்தகக்காரர் தமிழையும் கவனிக்கவில்லை, ஆங்கிலத்தையும் கவனிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 'இங்' சுலபம்! சாதா வடிவத்தில் "ஐ நோ" என்பது "ஹி நோஸ்" ஆகவேண்டும். ஒரு 'ஸ்' மறந்தால் தப்பு. கேள்வி கேட்க 'டூ'வா 'டஸ்'ஸா என்று தடுமாற வேண்டும். இல்லை என்று சொல்ல 'டோன்ட்', 'டஸன்ட்'. 'டஸ்' வந்தால் பின்னால் 'ஸ்' போகவேண்டும் என்று இன்னொரு விதி. 'இங்' வடிவத்தில் இந்த வம்பெல்லாம் இல்லை. ஆம், ஈஸ், ஆர் மூன்றும் ஆறாம் வகுப்பிலேயே மனப்பாடம். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுத்து வாலில் 'இங்' ஒட்டினால் வாக்கியம் ஓடிவிடும். மழைக்கு ஒதுங்குவதுபோலப் பயத்தில் ஒதுங்கும் இடம் அது. "டஸ் ஹி நோ?" என்று கேட்க வாய் கூசுகிறவர் "ஈஸ் ஹி நோயிங்?" என்று தப்பித்துக்கொள்கிறார். அவருக்கு அறிவுரை சொல்வதைவிட, 'டூ, டஸ்' இரண்டையும் ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொன்னால் பாதி 'இங்' தானாக உதிர்ந்துவிடும்.

வீட்டிலேயே இருக்கும் அளவுகோல்

இனி மற்றப் பாதி. 'எனக்குத் தெரியும்' என்பதைத் தமிழில் யாராவது 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லிக் கேட்டதுண்டா? 'எனக்கு இட்லி பிடிக்கும்' என்பதற்கு 'இட்லி பிடித்துக்கொண்டிருக்கிறது' என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். 'பணம் வேண்டும்' என்பதை 'வேண்டிக்கொண்டிருக்கிறேன்' என்று மாற்றினால் பணம் கேட்பது போய்ப் பிள்ளையார் கோவிலில் பிரார்த்தனை செய்வதாக ஆகிவிடும். ஆங்கிலத்தில் 'நோ', 'லைக்', 'வான்ட்' இந்த மூன்று சொற்களும் 'இங்' ஏற்காதவை என்று இலக்கணம் சொல்கிறது. தமிழில் அவற்றுக்கு நேரான சொற்களும் 'கொண்டிரு' என்ற துணைவினையை ஏற்பதில்லை. இரண்டு மொழியும் ஒரே காரணத்துக்காகத்தான் ஏற்க மறுக்கின்றன. தெரிவது, பிடிப்பது, வேண்டுவது எல்லாம் செயல் அல்ல, நிலை. ஆரம்பித்து, நடந்து, முடிகிற காரியத்துக்குத்தான் 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற பேச்சு பொருந்தும்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்திராத குமாஸ்தா இருக்க முடியாது. அதில் 'இங்' ஏற்காத வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. பார்ப்பது, கேட்பது, விரும்புவது, நம்புவது, உடையது என்று வகை வகையாகப் போட்டிருக்கும். பையன்கள் அதை நெட்டுருப் போட்டுப் பரீட்சை எழுதிவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "இதைத் தமிழில் 'கொண்டிருக்கிறேன்' போட்டுச் சொல்வாயா?" சொல்லமாட்டேன் என்றால் அங்கே 'இங்' வேண்டாம். பத்தில் எட்டு இடத்தில் இந்தச் சோதனை போதும். மீதி இரண்டு இடத்தில்தான் ஆங்கிலத்துக்கென்று தனிப் பழக்கம் இருக்கிறது.

அதில் முக்கியமானது 'ஹேவ்' என்ற சொல். தமிழர் ஆங்கிலத்தில் அதிகம் அடிபடுவதும் அதுவே. 'உண்டு', 'இருக்கிறது' என்ற பொருளில் அதற்கு 'இங்' கூடாது. "ஐ ஹேவ் எ பிரதர்", "வி ஹேவ் எ ஹவுஸ் இன் டிருநெல்வேலி" என்றுதான் வரும். ஆனால் சாப்பிடுவது, அனுபவிப்பது, நடத்துவது என்ற பொருள் வந்துவிட்டால் 'இங்' தாராளமாக வரும். "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. "வி ஆர் ஹேவிங் எ மீட்டிங்" சரி. குழந்தை பெறுவதற்கும் இதே சொல்தான். "மை வைஃப் ஈஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், இங்கிலாந்துக்காரர் இரட்டைப் பிள்ளைகள் பிறக்கப்போவதாக நினைத்துக் கைகுலுக்குவார். பிள்ளைகள் இரண்டும் மாதுங்காவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

'திங்க்' என்ற சொல்லும் இப்படித்தான். "ஐ திங்க் ஹி ஈஸ் ஹானஸ்ட்" என்றால் அபிப்பிராயம், தமிழில் 'நினைக்கிறேன்'. "ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங் ஹோம்" என்றால் மனம் இன்னும் முடிவுக்கு வரவில்லை, தமிழில் 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்'. பாருங்கள், தமிழே சரியாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

ரூபாய் நோட்டில் உள்ள வாசகம்

சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால் போதும். ரிசர்வ் பாங்க் கவர்னர் கையெழுத்துக்கு மேலே, இத்தனை ரூபாய் தருவதாக வாக்குறுதி இருக்கும். ஒரு ரூபாய் நோட்டு அரசாங்கத்தின் நோட்டு, அதில் இது கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. அந்த ஆங்கில வாசகம் "ஐ ப்ராமிஸ்" என்று தொடங்குகிறது. "ஐ ஆம் ப்ராமிசிங்" என்று இல்லை. கூடவே இருக்கும் இந்தியிலும் "தேதா ஹூம்" என்றுதான் இருக்கிறது, "தே ரஹா ஹூம்" என்று இல்லை. சொல்வதும் செய்வதும் ஒன்றாக நடக்கிற இடம் அது. வாக்குறுதி கொடுத்தாகிவிட்டது, கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

குமாஸ்தா வேலையில் இந்த வகை வாக்கியங்கள்தான் ஏராளம். "ஐ சர்டிஃபை", "ஐ டிக்ளேர்", "ஐ ஆதரைஸ்", "ஐ அக்ரீ", "வி அக்னாலெட்ஜ்". தமிழிலும் 'சான்றளிக்கிறேன்', 'உறுதி கூறுகிறேன்' என்றுதான் எழுதுகிறார்கள். 'உறுதி கூறிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிய பத்திரத்தை எந்த சப்-ரிஜிஸ்திராரும் வாங்கமாட்டார். ஆனால் அதே ஆட்கள் ஆங்கிலக் கடிதத்தில் "ஐ ஆம் ரிக்வெஸ்டிங் யூ டு கிராண்ட் மீ லீவ்" என்று எழுதுகிறார்கள். "ஐ ரிக்வெஸ்ட் யூ" என்றால் மரியாதைக் குறைவோ என்று சிலருக்குத் தயக்கம். குறைவு ஒன்றும் இல்லை. நீளமாக இருந்தால் பணிவு என்று எண்ணுவது ஆபீஸ் கடிதங்களின் பழைய வியாதி.

'இங்' போட்டால் பணிவு கூடும் இடமும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. "ஐ வாஸ் வொண்டரிங்" என்று ஆரம்பித்து ஒரு உதவியைக் கேட்டால், "முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் பாதகமில்லை" என்ற தொனி வரும். "ஐ ஆம் ரைட்டிங் டு" என்று கடிதத்தைத் தொடங்குவதும் தப்பில்லை. கடிதத்தை முடிக்கும்போது "ஐ லுக் ஃபார்வர்டு டு" என்றால் ஆபீஸ் முறை, "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு" என்றால் பழகியவர்களிடம். இவை காதுக்குப் பழக வேண்டியவை, விதிக்குள் அடங்காதவை.

இருக்கிறேனா, இருந்துவருகிறேனா?

'இங்' ஒரு காரியத்தை இன்றைக்கு, இப்போதைக்கு என்று சுருக்கிவிடும். "தி டிரெயின் ஈஸ் ரன்னிங் லேட்" என்றால் இன்று தாமதம். "தி டிரெயின் ரன்ஸ் லேட்" என்றால் அந்த வண்டியின் குணமே அதுதான். பிளாட்பாரத்தில் நிற்பவருக்குச் செய்தி முதலாவது. ரயில்வேக்கு எழுதும் புகாரில் வர வேண்டியது இரண்டாவது. "தி மேனேஜர் ஈஸ் ஸ்ட்ரிக்ட்" என்றால் கண்டிப்பான ஆள். "ஹி ஈஸ் பீயிங் ஸ்ட்ரிக்ட்" என்றால் இன்று ஏதோ காரணத்துக்காகக் கண்டிப்புக் காட்டுகிறார், நாளைக்குச் சரியாகிவிடுவார். வருஷாந்தர ரிப்போர்ட்டில் "ஹி வொர்க்ஸ் ஹார்டு" என்று மேலதிகாரி எழுதினால் அது நற்சான்று. "ஹி ஈஸ் வொர்க்கிங் ஹார்டு" என்று எழுதியிருந்தால், இப்போதுதான் உழைக்க ஆரம்பித்திருக்கிறான் போலிருக்கிறதே என்று மேலே படிப்பவர் நினைக்க இடமுண்டு. எழுதியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் பதவி உயர்வு அவருடைய நினைப்பைப் பொறுத்தது அல்ல, காகிதத்தில் இருப்பதைப் பொறுத்தது.

'ஆல்வேஸ்' என்ற சொல் 'இங்'கோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. "ஹி ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் பிஃபோர் டேக்கிங் லீவ்" என்றால் ஒழுங்கானவர், கேட்காமல் லீவு எடுக்கமாட்டார். "ஹி ஈஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் ஃபார் லீவ்" என்றால் எரிச்சல். தமிழில் 'எப்போது பார்த்தாலும் லீவு கேட்டுக்கொண்டே இருக்கிறான்' என்பதற்குச் சமம். இங்கேயும் தமிழின் 'கொண்டே இரு' ஆங்கிலத்தின் 'இங்'குக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இதே வித்தியாசத்தால் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய பணமே சிக்கலில் மாட்டலாம். சாலையில் லாரி மோதிக் கால் முறிந்த தொழிலாளி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதித் தரும்படி பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். "ரோட்டைக் கடந்தபோது லாரி வந்தது" என்கிறார். பையன் "ஐ கிராஸ்டு தி ரோட் வென் தி லாரி கேம்" என்று எழுதிக் கொடுக்கிறான். ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், லாரி வந்தது, வந்த பிறகு இவர் கடந்தார் என்பது. குற்றத்தைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டதாக ஆகிவிட்டது! "ஐ வாஸ் கிராசிங் தி ரோட் வென் தி லாரி கேம்" என்று எழுதியிருந்தால், இவர் பாதி வழியில் இருக்கும்போது லாரி வந்தது என்ற உண்மை விளங்கியிருக்கும். தமிழில் 'கடந்தபோது' என்பதே இரண்டையும் தாங்கும். ஆங்கிலம் தாங்காது. 'இங்' என்றாலே தப்பு என்று பயமுறுத்தப்பட்ட பையன்கள், அவசியமான இந்த இடத்திலும் அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். கேலி செய்வதால் வரும் பலன் இது.

குடியிருக்கும் இடம் பற்றிய கேள்வியும் இப்படிப்பட்டதே. "ஐ லிவ் இன் தாராவி" என்றால் அதுதான் அவருடைய வீடு. "ஐ ஆம் லிவிங் இன் தாராவி" என்றால் இப்போதைக்கு அங்கே இருக்கிறார், பிறகு வேறு இடம் போகலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் தாராவியில் இருந்து, ரேஷன் கார்டும் ஓட்டும் அங்கேயே வைத்து, பேரன் பேத்தி எடுத்தவர்கூட "ஐ ஆம் லிவிங்" என்றே சொல்கிறார். ஊரில் ஓட்டு வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, ரிட்டயர் ஆனதும் போய்விடுவதாக எண்ணம். அவர் சொல்வது பிழையா, மனசில் உள்ளதா என்று இலக்கண வாத்தியார் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் விலாசச் சான்றுக்கு மனுப் போடும்போது மட்டும் "ஐ லிவ்" என்றே எழுதுவது நல்லது.

வெள்ளைக்காரன் மட்டும் ஒழுங்கா?

ஆங்கிலேயர்களும் இந்த 'இங்'கைப் பிறக்கும்போதே கையில் வைத்துக்கொண்டு வரவில்லை. ஷேக்ஸ்பியர் 1600-ஐ ஒட்டி எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் இளவரசனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கிழவர் பொலோனியஸ் கேட்கிறார். அந்தக் கேள்வி சாதா வடிவத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதே இடத்தில் 'இங்' இல்லாமல் எந்த ஆங்கிலேயரும் கேட்கமாட்டார். அந்தக் காலத்து ஆங்கிலம் இந்த விஷயத்தில் இன்றைய தமிழைப்போல ஒரே வடிவத்தை இரண்டுக்கும் வைத்துக்கொண்டிருந்தது. "தி ஹவுஸ் ஈஸ் பீயிங் பில்ட்", அதாவது வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லும் முறை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முன் "தி ஹவுஸ் ஈஸ் பில்டிங்" என்று, வீடே எதையோ கட்டுவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புது முறையை அசிங்கம் என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில இலக்கணக்காரர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கேட்கவில்லை.

மெக்டொனால்ட்ஸ் கம்பெனி 2003-இல் 'லவ்' என்ற சொல்லுக்கே 'இங்' ஒட்டி உலகம் முழுவதும் விளம்பரம் செய்தது. பட்டியலின்படி அந்தச் சொல்லுக்கு 'இங்' ஆகாது. அமெரிக்கக் கம்பெனி செய்தால் புதுமை, குமாஸ்தா செய்தால் கேலியா என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விளம்பரக்காரர் விதி தெரிந்து மீறினார். 'இந்தக் கணத்தில் ருசித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளுக்காக 'இங்' போட்டார். "ஐ ஆம் நோயிங் யுவர் மேனேஜர்" என்று சொல்பவருக்கு அப்படி ஒரு நோக்கம் கிடையாது.

இந்தியருடைய ஆங்கிலம் தனி வகை, அதைப் பிழை என்று சொல்லக்கூடாது என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. காஷ்மீரத்தில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த பிரஜ் கச்ரு இதில் பெரிய பெயர். லண்டன் பேராசிரியர் ராண்டல்ஃப் குவர்க் அதை மறுக்க, 1990-ஐ ஒட்டி இருவருக்கும் பெரிய விவாதம் நடந்தது. கச்ருவின் பக்கத்தில் நிறைய நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்கள் பேசும் ஆங்கிலத்துக்கு லண்டனில் முத்திரை வாங்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த நியாயம் நேர்முகத் தேர்வு அறைக்குள் செல்லுபடியாவதில்லை. பேராசிரியர் "ஐ ஆம் நோயிங்" என்பதை ஆதரித்துக் கட்டுரை எழுதலாம். அந்தக் கட்டுரையில் ஓர் இடத்திலும் அவர் அப்படி எழுதமாட்டார்.

வருத்தப்படவேண்டிய விஷயம் வேறொன்று. பிள்ளைக்கு ஆங்கிலம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடுகின்றன. மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் சேர்த்தால் பிள்ளை 'இங்' போட்டுப் பேசும் என்று பயந்து ஒதுங்குகிறார்கள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்கு வரும் 'இங்' ஆங்கிலத்தையே வீட்டுப் பாஷையாக்கிப் பிள்ளையிடம் பேசுகிறார்கள். "ஆர் யூ வான்டிங் மில்க்?" என்று கேட்டு வளர்த்த பிள்ளை வேறு எப்படிப் பேசும்? 'பால் வேண்டுமா?' என்று கேட்டு வளர்த்திருந்தால், 'வேண்டும்' என்ற சொல் 'கொண்டிரு'வை ஏற்காது என்பது அதன் காதில் ஏறியிருக்கும். பள்ளியில் 'வான்ட்' என்ற சொல் வரும்போது அந்தக் காது உதவியிருக்கும். அளவுகோலை முறித்துப் போட்டுவிட்டு அளக்கச் சொன்னால் பிள்ளை எதை வைத்து அளக்கும்?

பயோடேட்டா எழுதும் இளைஞர்களுக்கு இன்னொரு விஷயம். அதில்தான் அதிகப் பேர் வழுக்குகிறார்கள். "2015 முதல் இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன்" என்பதை "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" என்று எழுதுகிறார்கள். தமிழுக்கு அது சரி. இந்த ஓர் இடத்தில் தமிழ் அளவுகோல் உதவாது. ஆங்கிலத்தில் 'சின்ஸ்' என்று வருஷத்தைச் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து இன்றுவரை உள்ள காலம் முழுவதையும் வினைச்சொல் சுமக்க வேண்டும். அதற்கு "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" என்று 'ஹேவ் பீன்' சேர்த்துத்தான் 'இங்' போட வேண்டும். இன்னும் அங்கேயே இருக்கிறார் என்ற செய்தி அதில் வந்துவிடும். விட்டுவந்த கம்பெனியைப் பற்றி எழுதும்போது 'இங்' வேண்டியதே இல்லை. "ஐ வாஸ் வொர்க்கிங் இன் சூரத் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று பலர் எழுதுகிறார்கள். படிப்பவர், அந்த மூன்று வருஷத்தின் நடுவில் வேறு என்னமோ நடந்தது, அது அடுத்த வரியில் வரும் என்று எதிர்பார்ப்பார். அடுத்த வரியில் தகப்பனார் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். "ஐ வொர்க்டு இன் சூரத் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று எழுதினால் மூன்று வருஷமும் முழுசாகக் கணக்கில் ஏறும்.